வேகப் பூட்டைத் திறக்கலாமா?



ஜேர்மனியில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலரிடம் இன்று வேகமான கார்கள் இருக்கின்றன. வார இறுதியில் நூர்பேர்க்ரிங், ஹொக்கன்ஹைம் போன்ற பந்தயத் தடங்களுக்குப் போய், காசு கட்டி ஓடிப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது. ஊர்த் தெருவில் வேகமாக ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால், கம்பனி போட்ட வேகப் பூட்டை எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து அறிய வேண்டிய விடயம் இது.

முதலில், இந்தப் பூட்டு எங்கிருந்து வந்தது? 1980களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற கம்பனிகள் தங்களுக்குள் பேசி, மணிக்கு 250 கிலோமீற்றர் என்ற எல்லையை வைத்துக்கொண்டன. கார்களுக்கு அது சட்டம் அல்ல. போர்ஷே அதில் சேரவும் இல்லை. பாரவண்டிகளின் கதை வேறு. 3.5 தொன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு 90 என்ற பூட்டு சட்டப்படி கட்டாயம். அதில் கை வைப்பது குற்றம்.

பூட்டு வேலை செய்யும் முறை எளிது. சில்லுகளில் உள்ள உணரிகள் வேகத்தை அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்லும். எல்லையைத் தொட்டதும் கணினி எஞ்சினின் சக்தியைக் குறைக்கும். பிறேக் பிடிக்காது, கார் அதற்கு மேல் ஏறாது, அவ்வளவுதான். கணினியில் உள்ள அந்த ஒரு எண்ணை மாற்றினால் பூட்டு திறந்துவிடும். கராஜ்காரருக்கு அது சிறிய வேலை.

ஆனால் எண்ணைத் தவிர வேறெதுவும் மாறுவதில்லை. ரயரின் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். 'எச்' என்றால் 210, 'வி' என்றால் 240, 'டபிள்யூ' என்றால் 270, 'வை' என்றால் 300 வரைதான் தாங்கும். 250இலிருந்து 280க்குப் போனால் காரின் இயக்க ஆற்றல் 25 வீதம் கூடிவிடும். அத்தனையையும் அதே பிறேக்தான் நிறுத்த வேண்டும். அதனால்தான் பி.எம்.டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்குக் கம்பனியே எல்லையை உயர்த்திக் கொடுக்கும்போது ஓட்டுநர் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கிறது. யப்பானில் நிசான் 2007இல் வெளியிட்ட ஜி.ரி.ஆர். காரில் 180 என்ற பூட்டு இருந்தது. கார் அங்கீகரிக்கப்பட்ட பந்தயத் தடத்தில் நிற்கிறது என்பதைச் செய்மதி மூலம் அறிந்த பிறகே அதை விலக்க முடியும். தெருவுக்கு வந்தால் பூட்டு பழையபடி விழுந்துவிடும். கராஜில் திறக்கும் பூட்டு அப்படியல்ல. அது வீடு வரை, வேலைக்குப் போகும் ஓட்டோபான் வரை திறந்தே வரும்.

சரி, தடத்தில் அது உதவுமா? அநேகமாக இல்லை. ஹொக்கன்ஹைமில் காட்டுக்குள்ளே போன நீண்ட நேர்ப்பாதைகள் 2002இல் நீக்கப்பட்டன. இன்று ஒரு சுற்று 4.574 கிலோமீற்றர்தான். சாதாரண வீட்டுக் கார் அங்கே 250ஐத் தொடுவதற்குள் வளைவு வந்துவிடும். நேரத்தை வெல்வதும் தோற்பதும் வளைவுகளில்தான். நூர்பேர்க்ரிங்கின் 20.8 கிலோமீற்றர் வடக்குத் தடம் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் நேரங்களில் வீதிச் சட்டத்துக்கு உட்பட்டது. இரும்புத் தடுப்பில் மோதினால் அதைத் திருத்தும் செலவும் உங்களிடமே வரும்.

அடுத்தது பத்திரம். வாகனப் பதிவுப் பத்திரத்தில் 'ரி' என்ற கட்டத்தில் காரின் உச்ச வேகம் எழுதப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறந்துவிட்டு, பரிசோதனை நிலையத்தில் காட்டிப் பதியாமல் தெருவில் ஓடினால் வாகன அனுமதியே இல்லாமல் போகலாம். காப்புறுதிக் கம்பனியும் பிரச்சினை எழுப்பும். தடத்தில் ஓடும்போது நடக்கும் சேதத்தைப் பல காப்புறுதிகள் ஏற்பதே இல்லை.

எங்கள் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. காப்புறுதிக் கட்டணம் குறையும் என்று மகன் ஓடும் காரை அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ பதிகிறோம். விபத்து நடந்தால், ஓடியவரோடு பதிவில் உள்ளவரும் சட்டப்படி பொறுப்பாளி. வெறுங்கையோடு இந்த நாட்டுக்கு வந்து, வருடக்கணக்காகத் துப்புரவு வேலையும் சமையல் வேலையும் செய்து சேர்த்தது அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளை கணினியில் மாற்றும் எண் பெற்றோருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

ஆசையை அடக்கச் சொல்லவில்லை. அந்தக் காசை வேறு விதமாகச் செலவழியுங்கள். பிறேக் திரவத்தைப் புதிதாக மாற்றுங்கள். அது காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும். கொதித்தால் மிதி கீழே போகும், கார் நிற்காது. நல்ல பிறேக் கட்டைகள், சரியான ரயர், தடத்தில் ஒரு நாள் பயிற்சி, அந்த நாளுக்கான தனிக் காப்புறுதி: இவற்றுக்குப் பிறகும் பூட்டு இடைஞ்சலாக இருந்தால் அப்போது கம்பனி மூலமாக, பத்திரத்தில் பதிந்து செய்யுங்கள்.

அந்த நிலைக்கு வருகிறவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களுக்கு வேகம் போதும். நிறுத்தத்தான் பழக வேண்டும்.