காவல்காரனின் கண் மாறியிருக்கிறதா?

மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவர், விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு வீடியோ கேம் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுட்டுத் தள்ளிக்கொண்டே ஓடும் வகை அல்ல. சத்தம் காட்டாமல், யார் கண்ணிலும் படாமல், சுவரோரமாக நகர்ந்து வந்த காரியத்தை முடித்துவிட்டு வெளியேறும் ‘ஸ்டெல்த்’ வகை. முதல் பாகத்தை நண்பரின் கணினியில் ஆடி முடித்துவிட்டார். இப்போது இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. விலையோ சில ஆயிரம் ரூபாய். வாங்கலாமா?

பெரும்பாலானவர்கள் டிரெய்லரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். டிரெய்லரில் கதாநாயகனின் உடை தெரியும், மழையில் நனைந்த தெரு மின்னும், வெடித்துச் சிதறும் கட்டடம் தெரியும். கேமின் உயிர்நாடி மட்டும் தெரியாது. ஸ்டெல்த் கேமில் நாம் ஆடுவது எதிரே நிற்கும் காவல்காரனின் புலன்களோடு. அவன் எவ்வளவு தூரம் பார்ப்பான், எதைக் கேட்பான், எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருப்பான் என்பதுதான் கேம். மற்றதெல்லாம் அலங்காரம். ஆகவே இரண்டாம் பாகம் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்தக் காவல்காரனின் மூளையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்பதுதான்.

அந்த மூளையின் அடிப்படைக் கணக்கை நம் பிள்ளைகள் பிளஸ் ஒன்னிலேயே படித்துவிடுகிறார்கள். வெக்டர் பாடத்தில் வரும் புள்ளிப் பெருக்கல்தான் அது. காவல்காரன் முகம் திரும்பியிருக்கும் திசை ஓர் ஓரலகு வெக்டர். அவனிடமிருந்து உங்களை நோக்கி வரும் திசை இன்னொன்று. இரண்டின் புள்ளிப் பெருக்கல், அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தின் கொசைன் மதிப்பைத் தரும். நேர் எதிரே நின்றால் 1, பக்கவாட்டில் நின்றால் 0, முதுகுக்குப் பின்னால் நின்றால் -1. காவல்காரனின் பார்வை மொத்தம் 90 பாகை என்றால், இரு புறமும் 45 பாகை. 45 பாகையின் கொசைன் ஏறத்தாழ 0.707. கிடைத்த எண் அதைவிடப் பெரிதாக இருந்தால் நீங்கள் அவன் பார்வைக் கூம்புக்குள் இருக்கிறீர்கள். மூன்று பெருக்கல், இரண்டு கூட்டலில் முடிந்துவிடும் கணக்கு என்பதால், பல காவல்காரர்களுக்கும் நொடிக்குப் பல முறை போட்டுப் பார்ப்பது கணினிக்குச் சிரமமே இல்லை.

கூம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது, நடுவே சுவர் இருக்கலாம். அதனால் அவன் கண்ணிலிருந்து உங்கள் தலைக்கும் மார்புக்கும் கால்களுக்கும் கற்பனைக் கோடுகளை இழுத்து, எந்தக் கோடு எதில் முட்டுகிறது என்று நிரல் பார்க்கும். பிறகு தூரம், வெளிச்சம், நீங்கள் நிற்கிறீர்களா நகர்கிறீர்களா என்பதெல்லாம் சேரும். இவை அனைத்தும் ஒரே நொடியில் ‘பிடிபட்டாய்’ என்று தீர்ப்பு எழுதுவதில்லை. காவல்காரனுக்குள் ஒரு சந்தேக அளவு மெல்ல மெல்ல நிரம்பும். பாதி நிரம்பினால் “யாரது?” என்று குரல் கொடுப்பான். முழுதும் நிரம்பினால்தான் ஓடி வருவான். அந்தக் குரலே ஒரு நுட்பமான ஏற்பாடு. நிரலுக்குள் நடப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவன் வாய்விட்டுப் பேசுகிறான்.

கணினிக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது எப்போதும் துல்லியமாகத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல, ஆனால் முட்டாளாகவும் தோன்றாமல், அதை நடந்துகொள்ளச் செய்வதுதான் இந்தக் கலை. 2014-இல் வெளிவந்த ‘ஏலியன்: ஐசோலேஷன்’ இதை அழகாகச் செய்தது. அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே இருக்கும் நிரலுக்கு ஆட்டக்காரரின் இடம் தெரியும். கீழே அலையும் வேற்றுக்கோள் பிராணிக்குத் தெரியாது. மேலடுக்கு அதற்கு அவ்வப்போது ‘அந்தப் பக்கம் போய்த் தேடு’ என்று துப்பு மட்டும் கொடுக்கும். ஆட்டக்காரரின் பதற்றம் அளவுக்கு மீறினால் பிராணியைக் கொஞ்ச தூரம் விலக்கியும் வைக்கும். அதன் இரண்டாம் பாகத்துக்கான வேலை தொடங்கியிருப்பதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அது வரும்போது, இந்த இரண்டு அடுக்குகளுக்கும் என்ன ஆயிற்று என்றுதான் முதலில் பார்ப்பேன்.

வரலாற்றில் எந்த இரண்டாம் பாகங்கள் பேர் வாங்கின என்று பார்த்தால் இந்த அளவுகோல் எவ்வளவு பொருந்துகிறது என்பது புரியும். 1987-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் எம்.எஸ்.எக்ஸ்.2 என்ற வீட்டுக் கணினிக்காக ‘மெட்டல் கியர்’ கேமை வெளியிட்டது. உருவாக்கியவர் ஹிடியோ கொஜிமா. போர் கேம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணினியாலோ ஒரே நேரத்தில் திரையில் நிறையப் பகைவர்களையும் குண்டுகளையும் காட்ட முடியவில்லை. சண்டை போடாமல் ஒளிந்து போகும் கேமாக அதை மாற்றினார். ஒரு கருவியின் போதாமையிலிருந்து ஒரு கேம் வகையே வளர்ந்தது. அதன் காவல்காரர்கள் நேர்கோட்டில் மட்டுமே பார்ப்பார்கள். அரை அடி விலகி நின்றால் போதும், நீங்கள் இல்லாதவர்தான்.

மூன்று ஆண்டுகள் கழித்து 1990-இல் இரண்டாம் பாகம் வந்தது. இப்போது காவல்காரனுக்கு 45 பாகைப் பார்வை. தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தான். சத்தம் கேட்டால் வந்து எட்டிப் பார்த்தான். திரை மாறினாலும் விடாமல் துரத்தினான். ஆட்டக்காரருக்குத் தவழும் வசதியும், பகைவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடாரும் கிடைத்தன. வாங்கத் தகுந்த இரண்டாம் பாகம் என்றால் இதுதான். 2001-இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 2’ இன்னொரு படி ஏறியது. காவல்காரர்கள் நிழலைக் கண்டும் சந்தேகப்பட்டார்கள். வேளாவேளைக்கு வானொலியில் தலைமையகத்துக்குத் தகவல் சொன்னார்கள். ஒருவனை வீழ்த்திவிட்டால் அந்தத் தகவல் போகாது. போகவில்லை என்றதும் ஏன் என்று பார்க்க ஆட்கள் வருவார்கள். தனித்தனிக் கண்களாக இருந்தவர்கள் ஓர் அமைப்பாகிவிட்டார்கள்.

‘தீஃப்’ கேமின் கதை வேறு மாதிரி. 1998-இல் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் வெளியிட்ட முதல் பாகத்திலேயே காவல்காரனின் புலன்கள் வியப்பூட்டும் அளவுக்கு முதிர்ந்திருந்தன. மனிதரின் இரு கண்களுக்கும் சேர்த்துக் கிடைமட்டத்தில் ஏறத்தாழ 200 பாகை தெரிந்தாலும், மிகக் கூர்மையாகத் தெரிவது நடுவில் இரண்டு பாகை அளவுக்குத்தான். அதை ஒட்டியே ஒரு காவல்காரனுக்குப் பல கூம்புகளை வைத்தார்கள். ஒடுங்கிய கூம்புக்குத் தொலைவும் எட்டும், தெளிவும் உண்டு. அகன்ற கூம்பு பக்கத்தில் உள்ளதை மட்டும், அதுவும் மங்கலாகத்தான் காட்டும். சத்தத்தையும் நேர்கோட்டில் அளக்காமல், அறைக்கு அறை கதவு வழியே போக விட்டார்கள். கம்பளத்தின் மேல் நடந்தால் சத்தம் எழாது. இரும்புத் தகட்டில் கால் வைத்தால் பக்கத்து அறைக்காரன் திரும்புவான். 2000 மார்ச்சில் வந்த இரண்டாம் பாகம் ஏறக்குறைய இதே மூளையைத்தான் கொண்டிருந்தது. ஆனால் அந்த மூளைக்கு ஏற்ற வீடுகளையும் வங்கியையும் கூரைகளையும் புதிதாகக் கட்டித் தந்தது. முதல் பாகத்தில் பலர் முகம் சுளித்த பேய் பிசாசுகளைக் குறைத்து, மனிதக் காவலர்களைக் கூட்டியது. அதே ஆண்டு மே மாதம் அந்த நிறுவனம் மூடப்பட்டது வருத்தமான விஷயம்.

ஆக, மூளை மாறாவிட்டாலும் களம் புதிதாக, ஆழமாக இருந்தால் பணம் வீணில்லை. இரண்டும் பழையது என்றால் அது வேறு அட்டை போட்ட முதல் பாகம்தான்.

இந்தியர்களுக்கு நெருக்கமான ஒரு கேமில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். டென்மார்க்கின் ஐ.ஓ. இன்டராக்டிவ் 2018 நவம்பர் 13 அன்று வெளியிட்ட ‘ஹிட்மேன் 2’ கேமில் மும்பை ஒரு முழுக் களமாக வருகிறது. நெரிசலான குடிசைப் பகுதி, ரயில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கும்பலின் தலைவி, பாதியில் நிற்கும் அடுக்குமாடியில் ஒரு திரைப்படத் தயாரிப்பாளர். மூன்றாவது ஆளின் முகம் யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் அவர் யார் என்பதை ஆட்டக்காரரே கண்டுபிடிக்க வேண்டும். ஒளிந்துகொண்டிருந்தவர் தேடுபவராக மாறும் இந்த ஒரு திருப்பத்துக்காகவே எனக்கு அந்தக் களம் பிடிக்கும். (2002-இல் இதே பெயரோடு வந்த பழைய பாகத்தில் சீக்கியர்களையும் பொற்கோயிலை ஒத்த கட்டடத்தையும் காட்டிய விதம் எதிர்ப்பைச் சம்பாதித்தது. பிறகு அதை மாற்ற வேண்டியிருந்தது. மும்பையைக் கையாண்டதில் அதைவிட நிதானம் தெரிகிறது.)

மூளை? 2016-இல் வந்த முந்தைய பாகத்தின் மூளைதான் பெரும்பாலும். மாறுவேடத்தில் போனால் பலரும் நம்புவார்கள். அந்த உடைக்குரிய கூட்டத்தை நன்கு அறிந்த சிலர் மட்டும் அடையாளம் கண்டுவிடுவார்கள். இரண்டாம் பாகத்தில் புதிதாகச் சேர்ந்தவை, கூட்டத்துக்குள் கரைந்து மறையும் வசதியும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே காவலர்கள் உங்களைப் பிடித்துவிடும் ஏற்பாடும். கண்ணாடி சிறிய சேர்க்கைதான். ஆனாலும் ஓர் அறைக்குள் நுழையும்போது முதுகுப் பக்கத்தை மட்டும் நம்ப முடியாமல் செய்துவிட்டது. களம் முற்றிலும் புதிது, மூளை கொஞ்சம் புதிது. என் கணக்கில் வாங்கலாம். கொலையைச் சுற்றியே நடக்கும் கேம் என்பதால் பெரியவர்களுக்கு மட்டும்.

ஆனால் எப்போது வாங்குவது என்பது தனிக் கேள்வி. 2021 ஜனவரியில் மூன்றாம் பாகம் வந்தது. 2023 ஜனவரியில் மூன்று பாகங்களையும் ‘ஹிட்மேன்: வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன்’ என்ற ஒரே கேமாக்கி, முதல் இரண்டையும் தனியே விற்பதை நிறுத்திவிட்டார்கள். பொறுத்திருந்தவருக்கு மூன்றும் ஒன்றாகக் கிடைத்தன.

பொருளாதார அறிஞர் பிலிப் நெல்சன் 1970-இல் பொருட்களை இரண்டாகப் பிரித்தார். வாங்கும் முன்பே பார்த்துத் தரம் அறியக்கூடியவை ஒரு வகை, பயன்படுத்திய பிறகே தரம் தெரிபவை இன்னொரு வகை. கேம் இரண்டாம் வகை. அதிலும் தொடர் பாகத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. முதல் பாகமே மாதிரியாக இருக்கிறது. அதை ஆடியபோது எந்த இடத்தில் அலுத்தது என்று நினைத்துப் பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்திருக்கிறார்களா என்று விசாரித்தால் போதும். ‘முதல் பாகத்துக்கு இவ்வளவு செலவழித்துவிட்டோமே’ என்ற எண்ணத்துக்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது. ஆய்வாளர்கள் ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், நாடக அரங்கின் பருவச் சீட்டை முழு விலை கொடுத்து வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட, பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். எல்லாருக்கும் நாடகம் ஒன்றுதான். கொடுத்த பணம்தான் முழு விலைக்காரர்களை இழுத்தது.

நம் ஊருக்கென்றே ஒரு கணக்கும் இருக்கிறது. ‘ஹிட்மேன் 2’ கேட்ட இடம் 60 ஜிபி. 8 ஜிபி ரேமும் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் தனி. நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள ஃபைபர் இணைப்பு இருந்தால் 60 ஜிபி இறங்க 3 மணி 20 நிமிடம் ஆகும். செல்போனின் தினசரி 2 ஜிபி டேட்டாவை நம்பினால் 30 நாள். ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய கேம் பிடிக்காவிட்டால், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 14 நாளில் 2 ஜிபி வீதம் 28 ஜிபிதான் வரும். கேம் பாதி இறங்கும் முன்பே பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை முடிந்துவிடும்! நல்ல இணைய வசதி இருக்கும் இடத்தில் உட்கார்ந்து இறக்க வழி செய்துகொண்டு, அதன் பிறகு பணம் கட்டுவதுதான் சரி.

இன்னொன்று, எப்போதும் இணைய இணைப்பு கேட்கும் கேமா என்று பாருங்கள். ‘ஹிட்மேன்’ வரிசையில் இணைப்பு அறுந்தால் சவால்களும் புதிய கருவிகளும் திறக்காது. இணைப்பு இல்லாமலே ஆடக்கூடிய கேம்களுக்குப் பேர்போன ஜி.ஓ.ஜி. கடை 2021 செப்டம்பரில் 2016-ஆம் ஆண்டின் பாகத்தை விற்பனைக்கு வைத்தது. இந்தக் காரணத்துக்காகவே வாடிக்கையாளர்கள் கொதித்தெழ, அடுத்த மாதமே எடுத்துவிட்டது. ஆடிக் காற்றில் மின்சாரமும் டவரும் போய்ப் போய் வரும் பகுதியில் இது சின்ன விஷயமில்லை. கணினியே இல்லாதவர்கள் ‘ஹிட்மேன்: பிளட் மணி’யின் செல்போன் வடிவத்தைப் பார்க்கலாம். 2006-இல் வந்த கேமை 2023 நவம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் கொண்டுவந்தார்கள்.

வாங்கியாயிற்று, கேமும் இறங்கிவிட்டது என்றால், பணம் திரும்பக் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கதையின் முன்னோட்டக் காட்சிகளில் கரைக்காதீர்கள். அவற்றைத் தாண்டிக் களத்துக்குப் போங்கள். ஒரு காவல்காரனின் பக்கவாட்டில் நின்று, எந்தத் தூரத்தில் அவனுக்குச் சந்தேகம் தொடங்குகிறது என்று பாருங்கள். பக்கத்து அறையில் ஒரு நாணயத்தை எறிந்து, அவன் சுவரை நோக்கித் திரும்புகிறானா, கதவு வழியாகச் சுற்றி வருகிறானா என்று கவனியுங்கள். வேண்டுமென்றே பிடிபட்டு, ஒளிந்து, அவன் எவ்வளவு நேரம் தேடுகிறான், தேடி முடித்த பிறகு பழைய இடத்துக்கே போய் ஒன்றும் நடக்காததுபோல நிற்கிறானா என்று பாருங்கள். பிறகு முதல் பாகத்தில் உங்களுக்குக் கைகொடுத்த ஒரு தந்திரத்தை அப்படியே இங்கேயும் செய்துபாருங்கள். அது முதல் தடவையிலேயே பலித்து, களமும் முன்பு பார்த்ததுபோலவே இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்டுவிடலாம்.