ஆங்கில வகுப்பின் வாதக் கலைச்சொற்களும் தமிழ் நூல் மரபும்: விளாத்திகுளம் வட்டார மாணவரை முன்வைத்து

முன்னுரை

விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் ஊர்களில் தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர், ஆங்கில வகுப்பில் ‘ஆர்க்யுமென்ட்’, ‘கிளெய்ம்’, ‘எவிடென்ஸ்’, ‘ஃபாலசி’ முதலிய சொற்களை எதிர்கொள்கின்றனர். அகராதிப் பொருளோடு விளக்கம் நின்றுவிடின் சொல் மனத்தில் பதியும், கருத்துப் பதியாது. ‘ஆர்க்யுமென்ட்’ என்பதை வாக்குவாதம் எனக் கொண்ட மாணவர், கட்டுரையில் எவரோடு சண்டையிடுவது என மயங்குவது இயல்பே. இக்கருத்துகளுட் பல தமிழ் நூல்களில் முன்பே பெயர் பெற்றவை. அவை பொருந்தும் இடங்களையும் பொருந்தா இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வாதத்தின் உறுப்புகள்

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நெறியை விளக்குகிறார். அங்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பன வாதத்தின் உறுப்புகள். உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்தில் அடக்கப்படுகின்றன. கரிசல் மாணவருக்கு இதனை அவர் நிலத்தைக் கொண்டே காட்டலாம். ‘இந்நிலம் ஈரத்தை நெடுநாள் தாங்கும்’ என்பது பக்கம். ‘களிமண் மிகுந்தமையால்’ என்பது ஏது. ‘களிமண் மிக்க நிலம் ஈரம் தாங்கும், வைப்பாற்றங்கரைக் கரிசல் போல’ என்பது சாதன்மிய திட்டாந்தம். ‘ஈரம் தாங்காதது களிமண் மிகாதது, தேரி மணல் போல’ என்பது வைதன்மிய திட்டாந்தம்.

பக்கம் ‘கிளெய்ம்’ என்பதற்கும், ஏது ‘ரீசன்’ என்பதற்கும் நேர். ஆனால் ‘எவிடென்ஸ்’ என்பதைத் திட்டாந்தம் எனப் பெயர்த்தல் பிழை. திட்டாந்தத்தில் எடுத்துக்காட்டோடு, ஏதுவையும் பக்கத்தையும் பிணிக்கும் பொதுவிதியும் உண்டு. ஸ்டீபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட நூலில் ‘வாரன்ட்’ எனப் பிரித்துக் காட்டியது இத்தகைய பிணிப்பையே. மாணவர் கட்டுரைகளில் விடுபடுவதும் பெரும்பாலும் இதுவே.

‘ஃபாலசி’ என்பதற்குப் போலி என்னும் சொல் உண்டு. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என அக்காதை வகுக்கிறது. பிழை எந்த உறுப்பில் நேர்ந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுவது இப்பகுப்பின் தனிச்சிறப்பு.

மறுப்பும் உடன்பாடும்

நன்னூற் பாயிரம் கூறும் எழுவகை மதங்களுள் உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல் ஆகியன உள. இறுதியிற் கூறியது ஆங்கில வகுப்பின் ‘கன்செஷன்’ என்பதை ஒட்டி வருகிறது. ‘மழை குறைவு என்பது உண்மையே, ஆயினும்…’ எனத் தொடங்கும் பத்தி அத்தகையது. பவணந்தியார் இவற்றை நூலாசிரியர்க்கே வகுத்தார். எனினும் கட்டுரைப் பயிற்சிக்கு இவற்றைக் கொள்வதில் தடையில்லை.

இலக்கணச் சொற்கள்

இங்கு ஒப்புமை தளர்கிறது. ‘கரிய மண்’, ‘பெய்த மழை’ இரண்டிலும் முதற்சொல் பெயரெச்சம்; முன்னது குறிப்பு, பின்னது தெரிநிலை. ஆங்கிலத்திலோ முன்னது ‘அட்ஜெக்டிவ்’; பின்னதைப் பெரும்பாலும் ‘ரெலேட்டிவ் கிளாஸ்’ ஆக விரித்துப் பெயருக்குப் பின் வைக்க வேண்டும். ‘அட்ஜெக்டிவ்’ என்றால் பெயரெச்சம் என்று மட்டும் கற்றவர், ‘நேற்றுப் பெய்த மழை’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது அத்தொடர் முழுவதையும் பெயருக்கு முன்னரே நிறுத்திவிடுவர். ஆகுபெயரின் நிலை வேறு. தமிழில் அது பெயரியலில் பயிலப்படுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு நெருங்கிய ‘மெட்டோனிமி’ அணியாகக் கற்பிக்கப்படுகிறது. ஆதலின் ‘ஊர் சிரித்தது’ என்னும் தொடரைத் தமிழாசிரியர் இலக்கண வகுப்பிலும் ஆங்கில ஆசிரியர் செய்யுள் வகுப்பிலும் விளக்குகின்றனர். இரண்டும் ஒன்றே என்று மாணவருக்கு எவரும் சொல்வதில்லை.