பழுதுற்ற கணிப்பொறியும் உலாவியின் விவரங்களும்

மனிதன் செய்த யந்திரம் எதுவாயினும் ஒரு நாள் ஓய்ந்தே தீரும். கணிப்பொறியும் இதற்கு விலக்கன்று. பள்ளியிலோ களப்பணி அலுவலகத்திலோ பல ஆண்டுகள் உழைத்த கணிப்பொறி திடீரென நின்றுபோனால், யந்திரத்தின் விலையைக் காட்டிலும் அதனுள் சேர்ந்திருந்த விவரங்களின் இழப்பே பெரிதாகிறது. பாடங்களுக்காகத் தேடிக் குறித்துவைத்த இணைய முகவரிகள், மாணவர் வருகையையும் மண் பரிசோதனை முடிவுகளையும் பதிவு செய்யும் தளங்களுக்குரிய கடவுச்சொற்கள் முதலியன உலாவியினுள் தங்கியிருப்பவை. புதிய யந்திரத்தை ஒரே நாளில் வாங்கிவிடலாம். பத்தாண்டுக் குறிப்புகளை விலைக்கு வாங்க இயலாது.

இவற்றை மீட்பதற்குப் பெரும்பாலும் வழி உண்டு. ஆயினும், செய்யவேண்டியவற்றை முறை மாற்றிச் செய்தால் இருந்த வழியும் அடைபட்டுப்போகும். இதன் காரணத்தை உணர, ஒத்திசைவு என்னும் ஏற்பாட்டின் தன்மையை முதலில் அறிதல் வேண்டும்.

ஒத்திசைவின் தன்மை

ஒருவர் உபயோகிக்கும் கணிப்பொறி, கைப்பேசி ஆகிய எல்லாச் சாதனங்களிலும் ஒரே விவரங்கள் இருக்கச் செய்வதே ஒத்திசைவு. மொசில்லா நிறுவனம் 2007ஆம் ஆண்டு டிசம்பரில் ‘வீவ்’ என்ற பெயரில் இதற்கான சோதனையைத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 4 உலாவியில் இது நிலையான அங்கமாயிற்று. ஒவ்வொரு சாதனமும் தன்னிடமுள்ள விவரங்களைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்புகிறது. பிற சாதனங்கள் அவற்றை அங்கிருந்து பெற்றுக்கொள்கின்றன.

இவ்வேற்பாடு நிலைக்கண்ணாடியைப் போன்றது. ஒரு சாதனத்தில் புதிய குறிப்பைச் சேர்த்தால் மற்றவற்றிலும் அது தோன்றும். ஒன்றில் அழித்தால் மற்றவற்றிலும் அழியும். ஆகவே இதனைச் சேமக் களஞ்சியமாகக் கருதி அயர்ந்திருத்தல் தகாது.

சாவி யாரிடம் உள்ளது?

ஃபயர்பாக்ஸ் விவரங்கள் சாதனத்தை விட்டு வெளியேறுமுன்னரே ரகசியக் குறியீடாக மாற்றப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் சாவி, உரியவரின் கடவுச்சொல்லைச் சார்ந்தது. சர்வரை நடத்துவோராலும் அவ்விவரங்களைப் படிக்க முடியாது. பாதுகாப்பு நோக்கில் இது பெரிய நன்மை. ஆனால் சாவியைத் தொலைத்தவருக்கு வேறெவரும் உதவ இயலாது என்பதும் இதிலிருந்தே பெறப்படுகிறது.

தொடக்க கால முறையில் இந்தச் சாவியைக் கணிப்பொறியே உருவாக்கித் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஒரே கணிப்பொறியை உடையவர், சாவியைத் தனியே குறித்துவைக்காத நிலையில் அக்கணிப்பொறி பழுதுற்றால், சர்வரில் விவரங்கள் இருந்தும் பயனில்லாமற் போயிற்று. இக்குறையை நீக்கும்பொருட்டு, 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான ஃபயர்பாக்ஸ் 29 முதல், மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொண்ட கணக்கு முறை வந்தது.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடவுச்சொல்லை மறந்தவர் மின்னஞ்சல் வாயிலாகப் புதியதொன்றைப் பெறலாம், கணக்கும் திறக்கும். ஆனால் பழைய சாவியால் பூட்டப்பட்ட விவரங்கள் புதிய சாவிக்குத் திறவா. முன்கூட்டியே மீட்புச் சாவி ஒன்றை உருவாக்கி வைத்தவருக்கு மட்டும் இந்நஷ்டம் நேராது.

கூகுள் குரோமில் நிலை சற்று வேறானது. பொதுவாகக் கூகுள் கணக்கினுள் மீண்டும் நுழைந்தால் விவரங்கள் திரும்பி வரும். ஒத்திசைவுக்கெனத் தனி ரகசியத் தொடர் ஒன்றை ஏற்படுத்தி அதனை மறந்தவர்கள் மட்டும், சர்வரிலுள்ள பிரதியை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க நேரும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

கணிப்பொறி நின்றவுடன் கடவுச்சொல்லை மாற்ற முற்படலாகாது. அதே கணக்குடன் இணைந்த கைப்பேசியோ வேறு கணிப்பொறியோ உள்ளதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். இருந்தால் அதுவே உயிருள்ள பிரதி. அதிலிருந்து உலாவியை நீக்குதல் கூடாது. கடவுச்சொல்லை மாற்றியே தீரவேண்டுமாயினும், பின்னர் அச்சாதனத்தைப் புதிய கடவுச்சொல்லுடன் இணைத்தால், அதிலுள்ள விவரங்கள் மீண்டும் சர்வரை அடையும்.

வேறு சாதனம் இல்லையெனில், பழைய கணிப்பொறியின் வட்டை நாடுதல் வேண்டும். மின்வழங்கியோ தாய்ப்பலகையோ பழுதாகியிருந்தாலும் வட்டு நல்ல நிலையில் இருக்கக்கூடும். அதனைக் கழற்றி, யு.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்தி, வேறு கணிப்பொறியுடன் இணைத்துப் படிக்கலாம். வட்டிலிருந்து தட்டும் ஓசை எழுந்தால் மேலும் மின்சாரம் செலுத்தாது, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைத்தல் நலம். சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் இம்முறை பயன்படாது. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு உள்ள வட்டுக்கு 48 இலக்க மீட்பு எண் தேவை. அது உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ அலுவலகக் கணிப்பொறி நிர்வாகியிடமோ இருக்கலாம்.

விண்டோஸ் கணிப்பொறியில், பயனர் பெயருள்ள கோப்புறையினுள் ‘ஆப்டேட்டா’ என்ற மறைவான கோப்புறை உண்டு. அதனுள் ‘ரோமிங்’, ‘மொசில்லா’, ‘ஃபயர்பாக்ஸ்’, ‘ப்ரொஃபைல்ஸ்’ என்ற வரிசையில் சென்றால் ஃபயர்பாக்ஸின் விவரங்கள் கிடைக்கும். ‘பிளேசஸ்’ என்னும் கோப்பில் குறித்துவைத்த முகவரிகளும், ‘லாகின்ஸ்’ என்னும் கோப்பில் கடவுச்சொற்களும் உள்ளன. ‘கீ4’ என்ற கோப்பு இக்கடவுச்சொற்களின் திறவுகோல்; இவ்விரண்டையும் சேர்த்தே எடுத்தல் வேண்டும். புதிய கணிப்பொறியில் உலாவியை முற்றிலும் மூடிய பின்னரே கோப்புகளை இடவேண்டும்.

குரோமில், குறித்துவைத்த முகவரிகளின் கோப்பை இவ்வாறே மாற்றலாம். கடவுச்சொற்களோ பழைய விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வெறுமனே பிரதி எடுத்தால் வேறு கணிப்பொறியில் திறவா. அவற்றுக்குக் கூகுள் கணக்கே வழி.

முன்னெச்சரிக்கைகள்

உலாவியிலுள்ள முகவரிகளைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து, ஆண்டுக்கு இருமுறையேனும் வேறு வட்டில் வைத்தல் நன்று. மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி, கணிப்பொறிக்கு அப்பால் பத்திரப்படுத்த வேண்டும். கணக்கை நெடுங்காலம் திறவாமல் விடுவதும் ஆபத்தே. இரண்டு ஆண்டுகள் உபயோகிக்கப்படாத தனிநபர் கணக்குகள் நீக்கப்படலாம் எனக் கூகுள் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்தது.

பழைய கணிப்பொறியைக் கழித்துக் கட்டும்போதும் கவனம் தேவை. ஃபயர்பாக்ஸில் முதன்மைக் கடவுச்சொல் ஏற்படுத்தாதிருந்தால், உரியவர் மீட்டதுபோலவே பழைய வட்டைப் பெறும் எவரும் அக்கடவுச்சொற்களைக் காணக்கூடும். மீட்புப் பணி முடிந்தபின் வட்டை முற்றிலும் அழித்த பிறகே கணிப்பொறியைக் கைவிட வேண்டும். மாணவர்களின் விவரங்களும் உழவர்களின் விவரங்களும் பிறர் நம்பி ஒப்படைத்தவை. அவற்றைக் காப்பது ஊழியரின் கடமையில் ஒரு பகுதியாகும்.