மாமாவின் காலிப்பர் ஏன் பொய் சொன்னது?

இந்த எபிசோட் ஒரு மன்னிப்பில் இருந்து ஆரம்பிக்கிறது. மன்னிப்பு கேட்க வேண்டியிருந்தது என் தாய்மாமாவிடம். அவர் பாட்காஸ்ட் எல்லாம் கேட்கிற ஆள் இல்லை, அதனால் நேரில் போய்க் கேட்டாச்சு. எதுக்குக் கேட்டேன் என்பதைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மாமாவுக்கு கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மாமா, கூட ஒரு பையன், அவ்வளவுதான். பம்ப்புக்கு புஷ், ஷாஃப்ட் மாதிரி ஜாப்வொர்க். முப்பது வருஷமாக வெர்னியர் கோடுகளைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். எனக்கு முதல் சம்பளம் வந்ததும் அவருக்கு ஒரு டிஜிட்டல் காலிப்பர் வாங்கிக் கொடுத்தேன். "இனிமே கோடு எண்ண வேண்டாம் மாமா, அதுவே நம்பர் காட்டும்" என்று ஏகப்பட்ட பெருமை வேறு.

மூணு மாசத்தில் நாற்பது புஷ் திரும்பி வந்தது. வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, 0.2 குறைவு. அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடைந்துவிடலாம். குறைந்துவிட்டால் கடைந்து எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவா முடியும்? மெட்டீரியல் காசும் போச்சு, உழைப்பும் போச்சு.

ஃபோனில் மாமா சொன்னார்: "மாப்ள, உன்ற காலிப்பர் பொய் சொல்லுது."

"டிஜிட்டல் பொய் சொல்லாது மாமா. நீங்க ஜீரோ பண்ணாம அளந்திருப்பீங்க."

"ஜீரோ பார்த்தேன் மாப்ள. ஜீரோ சரியாத்தான் இருந்துச்சு."

நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காலிப்பர் டிராயருக்குள் போய்விட்டது. நாலு வருஷம்.

போன மாசம் என் 3டி பிரின்டருக்காக வாங்கின காலிப்பர் ஒன்று கெட்டுப்போனது. தூக்கிப்போடுவதற்கு முன் திறந்து பார்ப்போமே என்று நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே பல்சக்கரம் மாதிரி ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. நகரும் பகுதியில் (ஸ்லைடர் என்று வைத்துக்கொள்வோம்) ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. அதன் அடிப்பக்கம் சீப்புப் பல் மாதிரி வரிசையாக மெல்லிய செப்புப் பட்டைகள், எண்ணிப் பார்த்தால் 48. நீளமான ஸ்கேலில் நம்பர் அச்சடித்த ஸ்டிக்கரை உரித்தால், அங்கேயும் ஒரு போர்டு, ஒரே மாதிரி செப்புக் கட்டங்கள். ஆனால் ஸ்கேலுக்கு ஒரு வயர்கூடப் போகவில்லை. பேட்டரி, சிப், டிஸ்ப்ளே எல்லாம் ஸ்லைடரில். ஸ்கேல் வெறும் செப்புக் கோலம்.

அப்போ தன் இடம் அதற்கு எப்படித் தெரிகிறது? பன்னிரண்டாம் வகுப்பு ஃபிசிக்ஸ்தான்: கெபாசிட்டர். ரெண்டு உலோகத் தகடு எதிரெதிரே, நடுவில் ஒரு இடைவெளி. தகடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பரப்பு நேருக்கு நேர் இருக்கிறதோ, அவ்வளவு கெபாசிட்டன்ஸ். இடைவெளி கூடினால் குறையும். நடுவில் இருக்கிற பொருள் மாறினாலும் மாறும். இந்தக் கடைசி வரியை ஞாபகத்தில் வையுங்கள், கேஸே அதில்தான் இருக்கிறது.

ஒரு தகட்டை நகர்த்தினால் எதிரெதிரே இருக்கும் பரப்பு மாறும், கெபாசிட்டன்ஸ் மாறும், அதை அளந்தால் இடம் தெரியும். சொல்ல ஈசி. ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டர் தகடு ரெண்டை 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால் கிடைப்பது சுமார் 9 பிக்கோஃபாரட். ஒரு பிக்கோஃபாரட் என்பது ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. காலிப்பரின் பட்டைகள் அதைவிடப் பொடிசு. போதாததற்கு, நாம் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே இடைவெளி மாறிவிடும். நேரடியாக அளந்தால் கை நடுக்கத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஐடியா வருகிறது. ஸ்லைடரில் இருக்கும் 48 பட்டைகளை ஒன்று முதல் எட்டு, திரும்ப ஒன்று முதல் எட்டு என்று எட்டு குழுக்களாக இணைத்திருக்கிறார்கள். எட்டுக்கும் ஒரே சிக்னல்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்கு சுற்று தாமதமாக.

கும்மியடிக்கிற வட்டத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. எட்டு பேர் ஒருத்தர் பின் ஒருத்தராகக் கை தட்டுகிறார்கள், நிற்காமல். நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வட்டத்தின் ஓரமாக நிற்கிறீர்கள், பக்கத்தில் இருக்கும் நாலு பேர் தட்டுவது மட்டும்தான் கேட்கும். சத்தம் சுற்றின் எந்த நேரத்தில் உச்சத்துக்கு வருகிறது என்று கவனித்தால் போதும், யாருக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் தள்ளி நின்றால் சத்தம் லேசாகும், நேரம் மாறாது.

ஸ்கேலில் இருக்கும் ஒவ்வொரு செப்புக் கட்டமும் அந்தக் காதுதான். தன் மேலே இருக்கும் நாலு பட்டைகளின் சிக்னலைக் கலந்து வாங்கி, ஸ்லைடரிலேயே இருக்கும் ஒரு நீளமான பட்டைக்குத் திருப்பி அனுப்புகிறது, வயர் இல்லாமல், கெபாசிட்டன்ஸ் வழியாகவே. திரும்பி வந்த சிக்னல் எவ்வளவு தாமதம் என்று மட்டும் சிப் பார்க்கிறது. வலிமை பெரிதாக முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். நேரத்தை எண்ணுவது டிஜிட்டல் சிப்புக்குத் தண்ணி பட்ட பாடு. (இந்த இடத்தில் தண்ணியை இழுத்திருக்கக் கூடாது. வரும்.)

இந்த மாதிரி கெபாசிட்டன்ஸ் அளவைக்கு 1983-ல் அமெரிக்க பேட்டன்ட் வாங்கினவர் நில்ஸ் ஆண்டர்மோ என்ற ஸ்வீடன்காரர்.

இப்போ நம்ம ஆட்களுக்குப் புரிகிற பாஷையில் ஒரு விஷயம். எட்டு பட்டை சேர்ந்து ஒரு சுற்று, அதன் நீளம் 5.08 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்குள் எங்கே என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் எத்தனையாவது சுற்று? தெரியாது. அதாவது இந்த சென்சார் தருவது மாடுலோ 5.08 மட்டும். ஈவு வேண்டுமென்றால் சிப் உட்கார்ந்து எண்ண வேண்டும். அதனால்தான் இந்த மலிவு காலிப்பர்களில் ஆஃப் பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே மட்டும்தான் அணையும், உள்ளே சிப் தூங்காமல் எண்ணிக்கொண்டே இருக்கும். என்னுடையதில் அளந்தபோது சுமார் 20 மைக்ரோஆம்பியர் இழுத்தது. 150 மில்லிஆம்பியர் அவர் இருக்கும் ஒரு எல்ஆர்44 பட்டன் பேட்டரியை, தொடாமல் வைத்திருந்தாலே பத்து மாசத்தில் காலி பண்ணிவிடும். "டிராயர்லயே கிடந்துச்சு, எப்படி பேட்டரி தீர்ந்துச்சு?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஸ்லைடரை வெடுக்கென்று இழுத்தாலும் எண்ணிக்கை தப்பும். சினிமாவில் கார் சக்கரம் பின்னால் சுற்றுவது போலத் தெரியுமே, அதே பிரச்சினைதான். விலை கூடின மாடல்களில் வெவ்வேறு நீளச் சுற்றுகளை ஒன்றாக வைத்து, எண்ணாமலே இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதைப் படித்ததும் மாமா விவகாரம் ஞாபகம் வந்தது. அவர் வேகமாக இழுத்திருப்பார், எண்ணிக்கை தப்பியிருக்கும், அவ்வளவுதானே? ஒரு நிமிஷம் திருப்தியாகக்கூட இருந்தது. பிறகு உறைத்தது. எண்ணிக்கை தப்பினால் பிழை 5.08, 10.16 என்று வரும். முப்பது வருஷ லேத்காரர் 32-க்குப் பதில் 27 என்று காட்டினால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? அவருக்கு வந்த பிழை 0.2. அது எண்ணிக்கையில் வந்த தப்பு இல்லை. சுற்றுக்குள்ளேயே, சிக்னலிலேயே ஏதோ கெட்டிருக்கிறது.

நடுவில் இருக்கிற பொருள். லேத்தில் கடையும்போது சூடு தணிக்கப் பால் மாதிரி வெள்ளையாக ஒன்றை ஊற்றுவார்கள். பட்டறையில் சோப் ஆயில் என்பார்கள். எண்ணெய் கலந்த தண்ணீர். காற்றின் மின்கடத்தாப் பொருள் மாறிலி 1 என்றால் தண்ணீருக்கு சுமார் 80. ஸ்லைடருக்கு அடியில் ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் சோப் ஆயில் என்றால், கும்மி வட்டத்தில் ரெண்டு பேர் மட்டும் மைக் பிடித்துக் கத்துகிற மாதிரி. சத்தத்தின் உச்சமே நகர்ந்துவிடும், காது தப்பான இடத்தைச் சொல்லும்.

சோதித்துப் பார்த்தேன். சீலிங் ஃபேனில் போடுகிற 6201 பேரிங் ஒன்று வாங்கினேன். அதன் வெளிவிட்டம் சரியாக 32 மில்லிமீட்டர், முன்னபின்ன இருந்தாலும் நூறில் ஒரு பங்கு அளவில்தான். நல்ல காலிப்பரில் துடைத்து அளந்தால் 32.00. பிறகு, தாடை 32-க்குத் திறந்திருக்கும்போது ஸ்லைடர் நிற்கிற இடத்தில் ஸ்கேல் மேல் சோப்புத் தண்ணீர் ரெண்டு சொட்டு விட்டு அளந்தேன். 32.14. துடைக்காமல் திரும்ப: 31.87. இன்னொரு தரம்: 32.21.

ஒவ்வொரு தடவையும் தாடையை மூடி ஜீரோ பார்த்தேன். எல்லா முறையும் இல்லை, ஆனால் பாதிக்கு மேல் 0.00 தான். ஏன்னா ஸ்லைடர் சுமார் 30 மில்லிமீட்டர் நீளம். மூடினால் அது நிற்கிற இடம் வேறு, 32-க்குத் திறந்தால் நிற்கிற இடம் வேறு. ஈரம் இங்கே, ஜீரோ அங்கே.

மாமா ஜீரோ பார்த்திருந்தார். ஜீரோ சரியாகத்தான் இருந்திருக்கிறது.

(இந்த இடத்தில் ரெக்கார்டிங்கில் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கிறேன், எடிட்டர் வெட்டிவிட்டார்.)

கூலன்ட் படுகிற இடத்துக்கென்றே வேறு வகை காலிப்பர் இருக்கிறது. மிட்டுடோயோ கம்பெனி அவற்றில் கெபாசிட்டன்ஸையே விட்டுவிட்டு மின்காந்தத் தூண்டலைப் பயன்படுத்துகிறது. சின்னச் சின்ன காயில்கள். தண்ணீரோ எண்ணெயோ காந்தப் புலத்தைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஐபி67 என்று போட்டிருக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. நான் வாங்கிக் கொடுத்தது அது இல்லை.

போன வாரம் கணபதிக்குப் போய், பட்டறையிலேயே மாமாவிடம் எல்லாவற்றையும் செய்து காட்டினேன். காய்ந்த அளவு, ஈர அளவு, ஜீரோ. பேசாமல் பார்த்தார். "அன்னிக்கு நீங்க சொன்னது சரி மாமா. தப்பு என் மேலதான்" என்றேன். காட்டன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஈரத்துல வைக்கக்கூடாதுன்னு அந்த டப்பாவுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே மாப்ள?"

போட்டிருந்தது. ஸ்கேலைச் சுத்தமாக, உலர்வாக வைக்கவும் என்று, மடித்து வைத்த சின்னத் தாளில், பொடி எழுத்தில். கிஃப்ட் பேப்பர் சுற்றும்போது டப்பா அழகாக இருக்கட்டும் என்று அந்தத் தாளை எடுத்துக் குப்பையில் போட்டது நான்தான். அதையும் சொன்னேன். சத்தமாகச் சிரித்தார், கூட இருந்த பையனும் சிரித்துவிட்டான்.

காலிப்பர் டிராயரை விட்டு வெளியே வந்திருக்கிறது, புது பேட்டரியோடு. கடைந்து முடித்து, துடைத்துக் காயவைத்த ஜாப்புக்கு மட்டும்தான். மெஷினில் ஓடும்போது இன்னமும் வெர்னியர்தான். நான் கொண்டுபோன 6201 பேரிங் லேத் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணியில் தொங்குகிறது. டிஜிட்டலைக் கையில் எடுத்தால் முதலில் அதை அளந்து பார்த்துவிட்டுத்தான் மற்றது.