சுவரில் தொங்கும் சொற்கள்

கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த தமிழருக்குச் சீன எழுத்து புதியதன்று. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் கடைத்தெருவில் நடந்தால் இருமருங்கும் அவ்வெழுத்தே. தோட்டத்து மக்கள் பற்றெழுதிச் சாமான் வாங்கிய சீனர் கடையின் வாயிலில், சிவப்புத் தாளில் எழுதிய இரு நெடுவரிகள் ஆண்டு முழுதும் வெயிலில் வெளுத்துக் கொண்டிருக்கும். உள்ளே தவுக்கேயின் மேசைக்குப் பின்புறம், பட்டுக்கரை கட்டிய சுருள் ஒன்று தொங்கும். தலைமுறை தலைமுறையாக இவற்றைப் பார்த்திருக்கிறோம், படித்ததில்லை. இன்றோ நம் பிள்ளைகளுள் சிலர் சீனப் பள்ளியில் பயில்கின்றனர். மகன் படிக்கும் எழுத்தைப் பற்றித் தந்தை, “அதெல்லாம் வெறும் படம்” என்று கூறி அமைகிறார். இக்கூற்று பொருந்துமா? தமிழாசிரியர்கள் இதற்கு விடை அறிந்திருத்தல் நலம்.

விடைக்கு வழி நம் இலக்கணத்திலேயே உண்டு. ஆ, தீ, பூ, கை என்பன எழுத்தாகவும் நிற்கும், சொல்லாகவும் நிற்கும். இத்தகைய ஓரெழுத்தொருமொழிகள் 42 என நன்னூல் கணக்கிடும். நமக்கு 42 அளவில் நின்ற இம்முறை, சீனத்தில் மொழி முழுவதையும் தழுவியது எனக் கொள்ளலாம். அங்கே ஓரெழுத்து பெரும்பாலும் ஓரசை. அதற்கு ஒலியும் உண்டு, பொருளும் உண்டு. 1716ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற காங்சி அகராதியில் 47,035 எழுத்துகள் உள. எனினும் நாளிதழ் படிக்க ஏறத்தாழ மூவாயிரம் போதும்.

ஒலியும் பொருளும் ஒருங்கே இருப்பினும், எழுதுவோர் எல்லா இடத்தும் இரண்டையும் கருதி எழுதுவதில்லை. ஓரிடத்தில் ஒலி ஆளும். ஓரிடத்தில் பொருள் ஆளும். இவ்வேறுபாட்டை அறிந்தவரே சீன எழுத்தைப் படிக்கத் தொடங்கியவர் ஆவர்.

ஊர்ப்பெயரில் ஒலி

முதற்கண் நம் மாநிலத்தின் பெயரையே கொள்வோம். கெடாவைச் சீனர் ‘ஜி தா’ என ஈரெழுத்தால் எழுதுவர். ‘ஜி’ என்பதற்கு மங்கலம் என்பது பொருள். ‘தா’ என்பதற்கு அடித்தல் என்பது பொருள். மங்கலத்தை அடிக்கும் நாடோ இது? அன்று. ஒலியை ஒட்டி இரண்டு எழுத்துகளைக் கடன் கொண்டனர்; அவ்வளவே. இப்பழக்கம் மிகப் பழையது. கி.பி. 671இல் காண்டன் துறையினின்று கப்பலேறிய சீனத்துறவி யீஜிங், இந்தியா செல்லும் வழியில் கெடாவில் தங்கினார். இட்சிங் எனவும் இவர் பெயரை எழுதுவர். அவரும் இந்நாட்டின் பெயரை ஒலிக்கேற்ற ஈரெழுத்தால் குறித்தார். நாம் கடாரம் என வழங்கியதை அவர் தம் எழுத்தில் அடக்கினார் என்க.

சுங்கை பட்டாணியை ‘சுவாங் ஸி தா நியன்’ என நான்கெழுத்தால் எழுதுவர். இரட்டை, ஓடை, பெரிய, ஆண்டு என்பன அவற்றின் தனிப்பொருள்கள். ‘சுங்கை’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு ஆறு என்பது பொருளாதலின், ‘ஓடை’ ஒலிக்கும் பொருளுக்கும் ஒத்து நின்றது. ஏனைய மூன்றும் ஒலிக்காக வந்தவை. கூலிமுக்கு வாய்த்த எழுத்துகளோ இன்னும் இனியவை: உறைதல், காடு. ஹொக்கியன் வழக்கில் ஒலித்தால் அவை ஊரின் பெயருக்கு மிக அணுக்கமாக வரும். கூலிம் என்பது ஒரு காட்டுமரத்தின் பெயராதலின் பொருளும் தற்செயலாக இயைந்தது.

அக்காட்டெழுத்தை இன்றே கற்றுக் கொள்ளலாம். மரம் என்னும் எழுத்தை இருமுறை அருகருகே எழுதினால் காடு. கடைப்பலகைகளில் இதை அடிக்கடி காணலாம். ஏனெனில் இதுவே ‘லிம்’ என்னும் குடிப்பெயர். ஹொக்கியரும் தியோச்சியரும் லிம் என்பர், காண்டனியர் லாம் என்பர், மாண்டரினில் லின். ஜப்பானியர் இதே எழுத்தைக் குடிப்பெயராகக் கொண்டு ஹயாஷி என்பர். வாய்மொழியால் வேறுபட்டோரை எழுத்து ஒன்றாக்கி நிற்கும் திறம் இதனால் விளங்கும்.

சுவரில் பொருள்

இனிச் சுருளுக்கும் சிவப்புத் தாளுக்கும் வருவோம். இங்கே ஆள்வது பொருள். கதவில் சாய்சதுரமாக ஒட்டிய தாளில் தனித்து நிற்பது பெரும்பாலும் ‘ஃபு’. நற்பேறு என்பது பொருள். ஜப்பானியர் இதனை ‘ஃபுகு’ என ஒலிப்பர். இதன் வலப்பாதியை ஒரு கோடு, ஒரு வாய், ஒரு வயல் எனப் பிரித்து, “ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வயல், அதுவே நற்பேறு” என விளக்குவர் சிலர். கேட்க இனிது, ஆயினும் வரலாறு அதுவன்று. இடப்பாதி வழிபாட்டைக் குறிக்கும் உறுப்பு. வலப்பாதி பண்டு நிறைகுடத்தின் வடிவம். அது ‘ஃபு’ என்னும் ஒலியைக் காட்ட வந்தது.

சீன எழுத்துகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இவ்வாறு பொருளுறுப்பு ஒன்றும் ஒலியுறுப்பு ஒன்றும் சேர்ந்து அமைந்தவை. கி.பி. 100 அளவில் 9,353 எழுத்துகளை ஆராய்ந்து ஆறு வகைப்படுத்திய ஷூ ஷென் என்னும் புலவர் இவ்வகையைத் தனியே எடுத்துக் காட்டினார். மரம், மலை, கதிரவன் போலப் படமாகத் தோன்றியவை சிலவே. ஆகவே, “அதெல்லாம் வெறும் படம்” என்னும் கூற்று பொருந்தாது.

சிலேடையில் திளைத்த தமிழர்க்குச் சீனர் வீட்டு வழக்கங்கள் சில எளிதில் புரியும். ‘ஃபு’ எழுத்தைத் தலைகீழாக ஒட்டியிருப்பதைக் கண்டு, தெரியாமல் ஒட்டினர் என நகைத்தல் வேண்டா. தலைகீழ் என்னும் சொல்லும் வந்து சேர்ந்தது என்னும் சொல்லும் மாண்டரினில் ஒரே ஒலியின. “நற்பேறு வந்தது” என்பதே குறிப்பு. பெருநாளில் அன்னாசி தொங்குவதும் அவ்வாறே. ஹொக்கியனில் அன்னாசியைக் குறிக்கும் ‘ஓங் லாய்’, “வளம் வருக” என்பது போல ஒலிக்கும்.

வாயிலின் இருபுறமும் உள்ள வரிகள் ஓர் ஈரடிப் பாட்டு. வாயிலை நோக்கி நிற்பார்க்கு வலப்பக்கத்தது முதலடி, இடப்பக்கத்தது இரண்டாமடி. எழுத்தெண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாதல் வேண்டும். பெயருக்கு எதிரே பெயரும், வினைக்கு எதிரே வினையும் அமைய வேண்டும். ஒலியின் ஏற்ற இறக்கமும் எதிர்நிலையாக வரவேண்டும். நம் முரண்தொடையை நினைவூட்டும் இக்கட்டுப்பாட்டினுள் நின்று ஆண்டுதோறும் வாழ்த்துப் பாடுவது எளிதன்று.

கையின் தடம்

தூரிகை, மை, தாள், மைக்கல் ஆகிய நான்கையும் எழுதுமனையின் நான்கு செல்வங்கள் என்பர் சீனர். பைன்மரப் புகைக்கரியையோ எண்ணெய்ப் புகைக்கரியையோ விலங்குப் பசையிற் குழைத்துக் கட்டியாக்குவர். நீர்விட்டு மைக்கல்லில் உரைத்தால் மை. புகழ்பெற்ற ஷுவான் தாள், ஆன்ஹுய் மாநிலத்தில் ஒருவகை மரப்பட்டையையும் வைக்கோலையும் கூழாக்கிச் செய்வது. அத்தாள் செய்யும் கைத்திறனும் சீன எழுத்துக் கலையும் 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. எழுதிய தாளுக்குப் பின்புறம் மாப்பசையால் வேறு தாள் ஒட்டி, பட்டுக்கரை சேர்த்து, அடியில் மரவுருளை பொருத்தினால் சுருள் ஆயிற்று. ஜப்பானியர் இதனைக் ‘காக்கெமோனோ’ என்பர். வீட்டினுள் இதற்கெனவே மாடம் அமைத்து, பருவந்தோறும் மாற்றித் தொங்கவிடுவர். இவ்வெழுத்துகளைச் சீனத்தினின்று பெற்ற அவர்கள், அவற்றிலிருந்தே ஒலியை மட்டும் காட்டும் ‘கானா’ எழுத்துகளையும் ஆக்கிக் கொண்டனர்.

அச்சுத்தாள் மலிந்த இக்காலத்தில் கையெழுத்தை எவ்வாறு அறிவது? ஒரே எழுத்து இருமுறை வந்திருப்பின் இரண்டையும் ஒப்பிடுக. கையால் எழுதியவை இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒத்திருக்கும், ஆயினும் ஒன்றாகா. கோடு தொடங்குமிடத்தில் மை தேங்கியிருக்கும். தூரிகை விரைந்த இடத்தில் மை வறண்டு, இடையிடையே தாளின் வெண்மை தெரியும். ஓரத்தில் சிவப்பு முத்திரை எழுதியவரின் பெயரைத் தாங்கி நிற்கும். நம் நாட்டு ஈரக்காற்றில் மாப்பசைக்குப் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் வரும். ஓலைச்சுவடி காத்தவர் வழிவந்த நாம் இதனை அறிவோம். வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவரே அதற்கு ஏற்றது.

தம் பெயரைச் சீனத்தில் எழுதுவித்து மாட்டும் விருப்பம் நம்மவர்க்கும் உண்டு. அவர்கள் முதலில் தம்மையே ஒன்று கேட்டுக் கொள்ளுதல் வேண்டும்: வேண்டுவது ஒலியா, பொருளா? ‘மணி’ என்னும் பெயரை ஒலியால் எழுதினால் மணி என்னும் பொருள் மறையும். பொருளால் எழுதினால் ‘மணி’ என்னும் ஒலி மறையும். இரண்டும் ஒருங்கே கிடைக்கும் என ஒருவர் விற்பாராயின், எந்த எழுத்துக்கு எப்பொருள் என்று கேட்ட பின்பே காசு கொடுத்தல் நன்று.

மலேசியச் சீனப்பள்ளிகளில் இப்போது பயிற்றுவது சுருங்கிய எழுத்து வடிவம். பழஞ்சுருள்களில் இருப்பது பெரும்பாலும் பழைய வடிவம். சுங்கை பட்டாணியின் முதலெழுத்தாகிய ‘இரட்டை’, பழைய வடிவில் இரு பறவைகளை ஏந்திய கை; புதிய வடிவில் இரு கைகள் மட்டுமே. ஆகவே பள்ளியில் பயிலும் பிள்ளையும் சுருளின்முன் சிறிது தடுமாறக் கூடும். அப்போது தந்தை அருகில் நின்று, “இது ஒலிக்கு வந்ததா, பொருளுக்கு வந்ததா?” என்று கேட்பாராயின் அது போதும். இருவரும் சேர்ந்து தவுக்கேயிடம் சென்று கேட்கலாம். தம் சுவரில் உள்ள சொல்லைப் பற்றி அண்டை வீட்டார் கேட்டால் மகிழாதார் யாவர்?