மண்டபத்தைக் காத்தலும் திருப்பணியே

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயில் விமானம் முதலாம் இராசராச சோழனால் கி.பி. 1010இல் நிறைவு செய்யப்பெற்றது. கல்லின்மேல் கல் அமர்ந்த அக்கற்றளி ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. இக்காலத்தில் பக்தர்களின் வசதிக்காக எழுப்பப்பெறும் அன்னதானக் கூடம், வரிசை மண்டபம் முதலியவை பெரும்பாலும் இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டால் ஆனவை. இவற்றுள் சில, ஒரு தலைமுறைக்குள்ளாகவே விரிசல் கண்டு, கூரைக் காரை பெயர்ந்து விழும் நிலையை அடைகின்றன. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்தலே இதற்குத் தலையாய காரணமாகும்.

சிமெண்ட் காரத்தன்மை மிக்கது. அக்காரம் கம்பியின்மேல் கண்ணுக்குப் புலனாகாத காப்புப் படலத்தை உண்டாக்குகின்றது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து காரத்தன்மையைக் குறைக்க, அப்படலம் அழிகின்றது. திருச்செந்தூர், இராமேசுவரம் போன்ற கடற்கரைத் தலங்களில் காற்றோடு வரும் உப்பும் அதனைத் துளைத்துவிடும். பின்னர் ஈரமும் பிராண வாயுவும் சேர, இரும்பு துருவாகின்றது. துரு, இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்வதால், கோபுர இடுக்கில் வேர்விட்ட ஆலங்கன்றைப் போல் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கின்றது.

இதனைத் தடுக்கும் வழி கட்டும்பொழுதே உள்ளது. கம்பியின்மேல் போதிய கனத்தில் கான்கிரீட் மூடியிருத்தல் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2000ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, கடற்கரைச் சூழலுக்கு இதனை 45 மில்லிமீட்டர் என வகுத்தது. கலவைக்கு உவர்நீரைத் தவிர்த்து நன்னீரையே பயன்படுத்தல் வேண்டும். குறைந்தது ஏழு நாள்களேனும் நீர் விட்டுப் பதப்படுத்தல் வேண்டும். விழா நாள் நெருங்குகின்றதென்று இதனைச் சுருக்குதல் கூடாது.

கூரையின் அடிப்புறத்தில் கம்பி செல்லும் வழியே பழுப்பு நிறக் கறையோ நீண்ட விரிசலோ தோன்றின், அது துருவின் முன்னறிவிப்பாகும். குடமுழுக்கிற்கு முன் அதன்மேல் வண்ணம் பூசி மறைத்தல் நோயை மூடி வைப்பதற்கு ஒப்பாகும். பழுதான கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவை முற்றும் நீக்கி, தேய்ந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, புதுக்கலவை இடுதலே முறை. மேல்தளத்து மழைநீர்த் தூம்புகளில் இலை, சருகு அடையாமல் காத்தலும் இன்றியமையாதது.

கறையையோ விரிசலையோ காணும் அன்பர்கள் திருக்கோயில் அலுவலகத்தில் தெரிவித்தல் நலம். அம்மண்டபத்தின் கீழ் நாள்தோறும் குழந்தைகளும் முதியோரும் அமர்கின்றனர். அறம் செய்த முன்னோர், அதனைக் காப்போரின் திருவடி தம் தலைமேல் என்று கல்வெட்டுகளில் பொறித்து வைத்தனர். கட்டியவருக்கு உரிய புண்ணியம் காப்பவருக்கும் உண்டு.