நடந்து வர இயலாத பிள்ளை

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவே. மேற்கே மலைத்தொடர், அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும். ஓர் ஊர் பஞ்சுக்குப் பெயர் பெற்றது. மற்றோர் ஊர் பாலுக்கு. 1936ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய நூற்பாலையைத் தொடர்ந்து இராஜபாளையத்தில் பல ஆலைகள் எழுந்தன. அருகேயுள்ள சத்திரப்பட்டி வட்டாரத்துத் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, மருத்துவமனைகளில் முகம் அறியாத மனிதரின் காயங்களைக் கட்டுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கோ 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது.

ஆயினும், பிறர் காயத்திற்குத் துணி நெய்யும் ஓர் இல்லத்தில், தொட்டிலில் கிடக்கும் பிள்ளை மெல்ல மெல்ல மெலிந்து வருவதை எவரும் கவனியாதிருக்கலாம். பால்கோவா கிண்டும் மணம் வீசும் தெருவிலேயே, கடுந்தேநீரில் நனைத்த பன்னைத் தின்று காலைப் பசி ஆறும் குழந்தையும் இருக்கலாம். அத்தகைய குழந்தைகளைப் பற்றியே இம்மாதம் நம் குடும்பங்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

சோற்றைத் தேடி வரும் பிள்ளைகள்

குழந்தைகளின் பசியைப் போக்குவதில் நம் மாநிலத்திற்குத் தனிப் பெருமை உண்டு. இவ்வட்டாரத்திற்கு அண்மையிலுள்ள விருதுநகரில் பிறந்த பெருந்தலைவர் காமராஜர், முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிகளில் மதிய உணவை விரிவாகத் தொடங்கி வைத்தார். 1982 ஜூலை முதல் நாளன்று எம். ஜி. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளோடு, இரண்டு வயது நிரம்பிய மழலைகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. அம்மையங்களில் சமைக்கவும் பரிமாறவும் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டது. ஒரே உலையில் பிள்ளையின் வயிறும் நிறைந்தது. ஏழைத் தாயின் அடுப்பும் எரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், இந்நீண்ட வரிசையின் இன்னொரு படி.

இவையெல்லாம் போற்றத்தக்கவை. எனினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. இவ்வுணவு, தானே நடந்து வந்து தட்டை நீட்டும் பிள்ளைக்கே கிடைக்கிறது. நடக்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? பசிக்கிறது என்று சொல்ல வார்த்தை அறியாத பிள்ளை யாரிடம் கேட்கும்? மனித மூளை மிக விரைவாக வளரும் காலம், கருவுற்ற நாள் தொடங்கி இரண்டாம் பிறந்தநாள் வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் நாட்களே என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அந்நாட்களில் நேரும் இழப்பைப் பின்னர் பள்ளிச் சோற்றால் முழுவதும் ஈடு செய்ய இயலாது. ஆகவே, நடந்து வர இயலாத பிள்ளையிடம் நாம்தாம் நடந்து செல்ல வேண்டும்.

ஊர்ப் பெண்ணின் கையில் ஒரு தராசு

இவ்வுண்மையைத் தமிழகம் முன்பே உணர்ந்து செயலாற்றியது. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கப்பட்டன. நாம் பால்வாடி என்று பழகிவிட்ட அங்கன்வாடிகள் அதன் வழியே பரவின. அதனையடுத்து 1980இல், உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலடி எடுத்து வைத்தது. பின்னர் அது இராமநாதபுரம் உள்ளிட்ட பல மாவட்டங்களுக்கும் விரிந்தது. அக்காலத்தில் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1985இல்தான் இவை தனி மாவட்டத்தின் பகுதிகளாயின.

அத்திட்டத்தின் முறை மிக எளியது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழும் பகுதிக்கு ஒரு பணியாளர். அவர் வெளியூர் அதிகாரி அல்லர். அவ்வூரிலேயே வாழும் பெண். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை அவர் மாதந்தோறும் தராசில் நிறுத்து, எடையை ஓர் அட்டையில் புள்ளியாகக் குறிப்பார். புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். கோடு ஏறினால் பிள்ளை வளர்கிறது, படுத்துவிட்டால் எச்சரிக்கை, இறங்கினால் ஆபத்து. வளர்ச்சி தடைப்பட்ட பிள்ளைக்குத் தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்துப் பிடித்த சத்துருண்டை தொண்ணூறு நாட்கள் அளிக்கப்பட்டது. அதற்குள் எடை தேறினால் உருண்டை நிறுத்தப்படும். தேறாவிடில் மருத்துவரிடம் அனுப்பப்படும். தாய்க்கோ, வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே பிள்ளையை எவ்வாறு தேற்றுவது என்று கற்பிக்கப்பட்டது. அத்திட்டம் நடந்த ஊர்களில் கடும் ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததெனப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின.

இதில் நமக்குள்ள பாடம் யாது? சத்துருண்டையைக் காட்டிலும் பெரிய உதவி, மாதந்தோறும் அப்பிள்ளையை உற்றுநோக்கிய அந்தக் கண்ணே ஆகும். மெலிவு கண்ணுக்குப் புலனாகும் நாளில் காலம் பெரிதும் கடந்திருக்கும். தராசோ அதனைப் பல வாரங்களுக்கு முன்னரே சொல்லிவிடுகிறது.

யாரைக் குறை கூறுவது?

ஓர் இல்லத்தை மனக்கண்ணில் காண்போம். தந்தை தறிக்கொட்டகையில், தாய் ஆலையில் ஷிப்டு வேலையில். பத்து மாதப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் கண்பார்வை மங்கிய பாட்டி. பிள்ளைக்கு ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு. கேட்டால், “பல்லு முளைக்கிற நேரம் தாயி, அப்படித்தான் இருக்கும்” என்பார். வயிற்றுக்கு ஆகாது என்று கஞ்சியையும் நிறுத்திவிட்டார். அன்பில் குறைவில்லை, அறியாமையும் அயர்வுமே அங்கு உள்ளன.

இன்னோர் இல்லத்தில் தந்தையின் கூலி மதுக்கடையில் கரைகிறது. வேறோர் இல்லத்தில் கணவனை இழந்த இளம் தாய், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுற்று எவரோடும் பேசாதிருக்கிறாள். சோம்பேறி என்று சுற்றம் ஏசுகிறது. மற்றோர் இல்லத்தில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள எட்டு வயது அக்காள் பள்ளிக்குப் போகாமல் நிற்கிறாள். வடமாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பத்திற்கோ, அங்கன்வாடி எத்தெருவில் உள்ளதென்றுகூடத் தெரியாது.

பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் தொழிற்சாலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஆனால் நான்கு தறி ஓடும் கொட்டகைக்கும், வீட்டுக்குள் நடக்கும் தொழிலுக்கும் அவ்விதி எட்டவில்லை. அங்கெல்லாம் தாயின் பழஞ்சேலையில் கட்டிய தூளியே காப்பகம். இந்நிலையில் தாயைக் குறை கூறுவது எளிது; தோள் கொடுப்பதே நம் கடமை அன்றோ?

தாய்மார் அறிய வேண்டுவன

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்ட வேண்டும். மஞ்சள் நிறமான சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பையே கொட்டுவதாகும். சேனை வைத்தல் என்று சர்க்கரைத் தண்ணீரையோ விளக்கெண்ணெயையோ தொட்டு வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பெரியவர்களின் ஆசி வேண்டும். அதனைப் பிள்ளையின் நெற்றியில் கைவைத்து வழங்கினால் போதும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே உணவு, தண்ணீரும் வேண்டா.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு மற்ற உணவும் தொடங்க வேண்டும். இங்கேதான் பல பிள்ளைகள் சறுக்குகின்றன. பிள்ளையின் வயிறு சிறியது. பருப்புத் தண்ணீரால் அதனை நிரப்பினால் சத்துக்கு இடமில்லை. கரண்டியிலிருந்து வழியாத பதத்தில், குழையப் பிசைந்த சோறும் பாசிப்பருப்பும், சிறிது எண்ணெய் அல்லது நெய், மசித்த கீரை, வாழைப்பழம், இயன்றால் முட்டை, கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பன்முறை ஊட்ட வேண்டும். கொல்லையில் நிற்கும் முருங்கை, கடையில் வாங்கும் பிஸ்கட்டை விட மேலானது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அந்தக் குழந்தையின் பங்கு. அதனை வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்டால் பிள்ளைக்கு எஞ்சுவது யாது?

வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்தலாகாது. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. 1971இல் வங்கத்து அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகச் செய்தே பெருந்தொகையான உயிர்களைக் காத்தார். அதுவே இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. அதனோடு மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையையும் தவறாமல் தர வேண்டும். கண் குழி விழுந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை துவண்டால் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. அத்தகைய குழந்தைகளுக்குத் தனிச் சிகிச்சை உணவு வழங்க, 2022இல் தமிழக அரசு ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கேட்டுப் பெறுவதில் நாணம் வேண்டா. அது பிச்சையன்று, பிள்ளையின் உரிமை.

நம் பங்குக் குடும்பங்கள் செய்யக்கூடியது

நம் கோவில்களில் திருமுழுக்கு நாள் எத்துணை மகிழ்ச்சியான நாள்! ஞானத்தாய் புத்தாடை அணிவிக்கிறார்; ஞானத்தந்தை வெள்ளிக் கொலுசு பூட்டுகிறார்; விருந்தும் நிழற்படமும் உண்டு. அதன்பின்? அந்தப் பிள்ளையின் எடை என்ன என்று எந்த ஞானத்தாய் கேட்டிருக்கிறார்? தடுப்பூசி போட்டாயிற்றா என்று எந்த ஞானத்தந்தை விசாரித்திருக்கிறார்? ஆன்மாவுக்குப் பொறுப்பேற்றவர் உடலை மறக்கலாமா? மாதம் ஒருமுறை அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் போதும்.

1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் இளைஞர் தோழர்களுடன் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, உதவியை வாசலில் நின்று கொடுத்தனுப்பாமல், ஏழையின் இல்லத்திற்கே சென்று அவரோடு அமர்ந்து பேசுவதைத் தன் முதற்பணியாகக் கொண்டது. அச்சபை நம் பங்குகளிலும் உண்டு. அரிசியோடு ஒரு கேள்வியையும் நாம் கொண்டு செல்லலாம்: “தங்கச்சி, பிள்ளையை இந்த மாதம் நிறுத்துப் பார்த்தாயா?” அங்கன்வாடி டீச்சர் அழைக்கும் நாளில் தாய்க்கு வேலை இருந்தால், அண்டை வீட்டு மதினி பிள்ளையைத் தூக்கிச் செல்லலாம். தம்பியால் தடைப்பட்ட அக்காள் மீண்டும் பள்ளி செல்ல வழி காணலாம். மனம் சோர்ந்த தாயை அறிவுரையால் வாட்டாமல், ஒரு வேளைச் சமையலை நாம் ஏற்று, அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். குழந்தை துன்புறுத்தப்படுவதை அறிந்தால் 1098 என்னும் எண்ணை அழைக்கத் தயங்கலாகாது.

செல்லும்போது ஒன்றை நினைவிற்கொள்வோம். பிறர் இல்லத்து வறுமையைத் திண்ணையில் பேசுதல் பாவம். கோவிலுக்கு வருவோர் வீடா என்று பார்த்துச் செல்வதும் தகாது, பசிக்கு மதமில்லை.

நம் ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்து, சீடர்களின் நடுவே நிறுத்தினார். ஆனால் அழைத்தால் வரக்கூடிய பிள்ளை அது. அழைத்தாலும் வர இயலாத பிள்ளை ஒன்று, இன்று நம் தெருவின் கடைசி வீட்டுத் தூளியில் கிடக்கிறது. அவ்வீட்டுப் படியேற இவ்வாரமே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவோமா?